இறால்களுக்காக அழுகிறவர்கள்

ஒடுக்கப்பட்டவரின் வலியைச் சொல்ல அவருக்கு வேற்றுடல் ஒன்றை மாட்டித்தான் ஆகணுமா? 2009இல் வந்து உலகமெங்கும் ஓடிய 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தை முன்வைத்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜோகனஸ்பர்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கலம் வந்து நிற்கிறது. அதிலிருந்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் அடைக்கிறார்கள். பிறகு அங்கிருந்தும் விரட்டுவதற்குக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இயக்குநர் நீல் புளோம்காம்ப் எதைச் சொல்கிறார் என்பதில் ஒளிவுமறைவில்லை. கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கென்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றி, வீடுகளை இடித்தது நிறவெறி அரசு. படத்தில் வேற்றுக்கிரகத்தாரின் பட்டப்பெயர் 'இறால்'. நமக்கு அது நாவூறும் கறி. ஜோகனஸ்பர்க்கில் அந்தப் பெயரில் வீட்டுக்குள் புகுந்து அருவருப்பூட்டும் பெரிய பூச்சி ஒன்று உண்டு. பேர் வச்சதுலயே பாதி வேலை முடிஞ்சுபோச்சு.

இதற்கு முன் எடுத்த குறும்படத்துக்காக அவர் உள்ளூர் மக்களிடம் ஜிம்பாப்வே அகதிகளைப் பற்றிக் கேட்டார். அந்தப் பதில்களையே வேற்றுக்கிரகத்தாரைப் பற்றிய பேச்சாக வைத்தார். பொருந்திப் போயிற்று. வெறுப்பு நிஜம், உடல் மட்டும்தான் கற்பனை. 2008 மே மாதம் அதே வெறுப்பு தென்னாப்பிரிக்காவில் 62 பேரைக் கொன்றது. வெறியாட்டம் நடந்ததும் கறுப்பினச் சேரிகளில்தான். விரட்டப்பட்டவன் விரட்டமாட்டான் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இதைச் சொல்லும் துணிச்சல் படத்துக்கு இருக்கிறது.

ஆனால் கதாநாயகன் யார்? விரட்டப் போன வெள்ளை அதிகாரி. அவன் உடல் மெல்ல இறாலாக மாறுகிறது. அப்புறம்தான் அவனுக்கு உறைக்கிறது. தன் தோல் மாறினால்தான் அடுத்தவன் வலி தெரியும் என்றால் அது அறமல்ல, பயம். வேற்றுக்கிரகத்தாருக்குக் கிடைத்த இந்த இரக்கமும் படத்தில் வரும் நைஜீரியர்களுக்குக் கிடைக்கவில்லை. முகமூடியில்லாமல் வந்த அவர்கள் கொள்ளைக்காரர்களாகவும் நரமாமிசம் தின்பவர்களாகவும் காட்டப்படுகிறார்கள். நைஜீரிய அரசு 2009இலேயே இதைக் கண்டித்தது.

உருவகத்துக்கு ஒரு பயன் உண்டு. 'நிறவெறி' என்றதும் எழுந்து போகிறவனையும் அது உட்கார வைக்கும். ஆனால் அவன் கண்ணீர் முகமூடியோடு நின்றுவிடுகிறதா, முகத்தையும் தொடுகிறதா என்பதே சோதனை. இறாலுக்காக அழுதவன் வெளியே வந்து தகரக் கொட்டகைக்காரனைக் கண்டு மூக்கைப் பொத்தினால், அந்த அழுகை யாருக்கு? மனுசனை மனுசனாவே காட்டி, மனுசன்னு ஒத்துக்க வைக்கிற படம் வேணும்.