விட்டுவைத்த கற்கள்

ஹெல்சிங்கியின் பேர்பெற்ற இடங்களைப் பார்க்க ஒரு வரைபடமும் நல்ல செருப்பும் போதும். துறைமுகச் சந்தைத் திடலிலிருந்து செனட் சதுக்கம் கூப்பிடு தூரம். அங்கிருந்து ரயில் நிலையம், நாடாளுமன்றம், அதற்கு நேரெதிரே 2018இல் திறந்த ஓடி நூலகம் என்று எல்லாமே நடைக்கு எட்டும். வழிகாட்டியோடு போனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கதை கிடைத்துவிடும், அத்தோடு அடுத்ததற்கு நகர்ந்துவிடலாம். தனியாக நடப்பவருக்கோ ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. பொருத்திப் பார்க்கத் தொடங்கியதுமே ஒரு கேள்வி எழும். 1917இல் ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரில், அதுவும் நட்டநடுச் சதுக்கத்தில், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் ஏன் இன்னும் சிலையாக நிற்கிறார்? ஆண்டவர்கள் போன பிறகு அவர்கள் விட்டுச்சென்றதோடு எப்படி வாழ்வது என்பது பின்லாந்துக்கு மட்டுமான கேள்வியில்லை. பாட்டன் செய்ததற்குப் பேரன் பதில் சொல்லவேண்டி வரும் எந்தக் குடும்பத்துக்கும் உண்டு.

பின்லாந்துக்காரர்கள் பக்குவமானவர்கள், மறக்கவும் மன்னிக்கவும் தெரிந்தவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சிலை தங்கியதற்குக் காரணம் மன்னிப்பல்ல, மக்கள் அதைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டதுதான். 1809 முதல் கூடாமலே கிடந்த பின்லாந்து மன்றத்தை 1863இல் மீண்டும் கூட்டியவர் இந்த அலெக்சாண்டர். 1894இல் எழுந்த அவர் சிலையின் பீடத்தில் சட்டத்தைக் குறிக்கும் ஒரு பெண்ணுருவமும் இருக்கிறது. 1899 பிப்ரவரியில் இரண்டாம் நிக்கோலஸ் ஓர் அறிக்கை வெளியிட்டு பின்லாந்தின் தன்னாட்சியில் கைவைத்தபோது, மக்கள் இந்தச் சிலையடியில் பூக்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். இறந்த பேரரசருக்கு மரியாதை செய்வதை எந்தக் காவலர் தடுக்க முடியும்? உயிரோடிருந்த பேரரசரை, அவருடைய தாத்தாவை வைத்தே கண்டித்தார்கள். அன்றைக்கே அந்தச் சிலை கைமாறிவிட்டது. விடுதலைக்குப் பிறகு அதை இடித்திருந்தால் தங்கள் போராட்டத்தின் ஒரு துண்டையே இடித்ததாகியிருக்கும்.

அலெக்சாண்டர் நல்லவர், நல்லவரை வைத்துக்கொள்வது பெரிய காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சந்தைத் திடலில் நிற்கும் தூபி அவருக்கானதல்ல. கெடுபிடிக்குப் பேர்போன முதலாம் நிக்கோலஸின் மனைவி வந்துபோனதன் நினைவாக 1835இல் வைத்தது அது. அதன் உச்சியிலிருந்த இரட்டைத்தலைக் கழுகை 1917 புரட்சியின்போது பிடுங்கி எறிந்தவர்கள் ரஷ்ய மாலுமிகள். 1971இல் திரும்ப ஏற்றி வைத்தவர்கள் பின்லாந்துக்காரர்கள்! எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிட்டார்கள் என்றும் இல்லை. சுவோமென்லின்னா தீவுக்கோட்டையில் ரஷ்யப் படையினருக்காகக் கட்டிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தின் வெங்காயக் குமிழ்களை 1920களில் இறக்கி, லூத்தரன் தேவாலயமாக மாற்றினார்கள். அதன் கோபுரம் இன்று கலங்கரை விளக்கமாகவும் வேலை செய்கிறது. துறைமுகத்தை ஒட்டிய குன்றில் 1868இல் எழுந்த உஸ்பென்ஸ்கி பேராலயமோ குமிழ்களோடு அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அங்கே வழிபட ஆளிருந்தது. பொதுவிதி ஒன்றை வகுத்துக்கொண்டு அவர்கள் இதையெல்லாம் செய்ததாகத் தெரியவில்லை. உள்ளூர் வாழ்க்கையில் இடம் கிடைத்தது பிழைத்தது, கிடைக்காதது மாறியது.

2022ஐ எடுத்துக்காட்டி இதை மறுக்கலாம். ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த அந்த ஆண்டில் துர்க்கு, கோட்கா நகரங்களிலிருந்த லெனின் சிலைகள் போயின. ஹெல்சிங்கியின் ஹகானியெமியில் மாஸ்கோ நகரம் பரிசளித்த உலக அமைதிச் சிலையும், வீதிப் பணிகளைக் காரணம் காட்டி, அகற்றப்பட்டது. ஆனால் இவை மூன்றும் சோவியத் நகரங்கள் அனுப்பிய பரிசுகள், மரியாதைக்காக வாங்கி வைத்தவை. யாரும் தங்கள் மனக்குறையைச் சொல்ல அவற்றின் காலடிக்குப் பூவோடு போனதில்லை. அதே ஆண்டில் அலெக்சாண்டர் அசையாமல் நின்றார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

உண்மையில் கடினமான கற்கள் அந்நியர் நட்டவையல்ல. கியாஸ்மா கலைக்கூடத்தின் அருகே 1960 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்னர்ஹெய்ம் அந்த மண்ணின் மைந்தர், பின்னாளில் நாட்டின் அதிபர். 1918 உள்நாட்டுப் போரில் செம்படையை எதிர்த்த வெள்ளைப் படையை நடத்தியவரும் அவர்தான். சுமார் 31 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோர் அந்தப் போரிலும் அதன் பின்விளைவுகளிலும் மாண்டார்கள். பெரும்பகுதி தோற்ற செம்படைத் தரப்பினர், பல்லாயிரம் பேர் முகாம்களில் பசியாலும் நோயாலும். இன்று படகேறிப் போய் மக்கள் புல்வெளியில் இளைப்பாறும் சுவோமென்லின்னாவிலும் அப்படி ஒரு முகாம் இருந்தது. வெளியிலிருந்து வந்த ஜாரைச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தவர்களுக்குத் தங்கள் தளபதியை எல்லோருக்கும் பொதுவாக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. ஜார் கிளம்பிப் போய்விட்டார். அண்ணன் தம்பிச் சண்டையில் இரண்டு தரப்பும் அதே ஊரில்தானே இருந்தாகவேண்டும்.

வழக்கமான நடைப் பாதைகள் பெரும்பாலும் பிட்காசில்டா பாலத்துக்குத் தெற்கிலேயே முடிந்துவிடுகின்றன. முன்பு வசதி படைத்தோரின் நகரத்தையும் தொழிலாளர்களின் கல்லியோவையும் பிரித்த எல்லை அந்தப் பாலம். ஊர் பார்க்க வந்தவர் அடுத்தவர் வீட்டுக் காயத்தைத் தோண்ட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஆனால் தெற்கை மட்டும் பார்த்துவிட்டு இந்த ஊர் தன் பழமையோடு சமாதானமாகிவிட்டது என்று எழுத வேண்டியதுமில்லை. பாலத்தைத் தாண்டியதும் நீர்க்கரையில் 1908இல் கட்டிய தொழிலாளர் மாளிகை நிற்கிறது. 1918 ஜனவரி 26 இரவில் அதன் கோபுரத்தில் ஏற்றிய சிவப்பு விளக்குதான் செம்படைத் தரப்பின் புரட்சி தொடங்கியதற்கான அடையாளம். இன்று அது மாநாடுகளும் விருந்துகளும் நடக்கும் இடம். புழக்கத்தில் இருப்பது பிழைக்கும் என்ற என் வாதத்துக்கு இந்த மாளிகை ஒரு விதத்தில் சாட்சி, இன்னொரு விதத்தில் இடைஞ்சல். கட்டடம் பிழைத்திருக்கிறது. அங்கே கூட்டத்துக்கு வந்து போகிறவருக்கு அந்த விளக்கைப் பற்றித் தெரியவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.