செய்தவன் இல்லாத வினை

துன்பம் என ஒன்று நேர்ந்தால் அதற்கு மூலமாக ஒரு பாவம் இருக்கவேண்டும் என்றும், பாவம் இருந்தால் அதைப் புரிந்தவன் ஒருவன் இருக்கவேண்டும் என்றும் கொள்வது மனித சுபாவம். இந்த ஜன்மத்தில் அவன் அகப்படாவிட்டால் முற்பிறவியிலேனும் தேடிப் பிடித்த பிறகே நம் சித்தம் சாந்தியடைகிறது. ஆனால் அனைவரும் தத்தம் ஸ்வதர்மத்தை அணுவளவும் வழுவாமல் நடத்திக்கொண்டிருக்கையில், அந்த வழுவாமையின் பயனாகவே எல்லாரும் ஒருங்கே முடங்கிப்போதல் கூடுமா என்ற ஐயத்திற்கு ஒரு திருஷ்டாந்தம் வேண்டுமானால், அதைக் கணிப்பொறியின் கெர்னலுக்குள் காணலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல், நினைவகத்தைக் கேட்பவர்க்கெல்லாம் பங்கிட்டுத் தரும் பண்டகசாலை அதிபதி போன்றது. இடம் அருகிவிட்ட வேளையில் ஒருவன் வந்து கேட்டால், அவனை வெறுங்கையாக அனுப்பிவிடாமல், பழைய சரக்கை ஒழித்து இடம் உண்டாக்கும் வேலையில் அவனையே ஈடுபடுத்துவது அதன் வழக்கம். ஒழிக்கத்தக்கவற்றுள் கோப்பு முறைமை தேக்கி வைத்திருக்கும் குறிப்புகளும் அடங்கும். அவற்றைத் தொடுவதற்கோ கோப்பு முறைமையின் பூட்டு வேண்டும். கேட்டவன் அந்தக் கோப்பு முறைமையின் ஊழியனாகவே இருந்து, கணக்குக் குலையாதிருக்கும் பொருட்டு அந்தப் பூட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகும்? இடம் கிடைத்தால்தான் வேலை முடிந்து பூட்டு விடுபடும். பூட்டு விடுபட்டால்தான் இடம் கிடைக்கும். இவ்வாறு தன்னையே எதிர்நோக்கித் தான் காத்திருக்கும் நிலையைப் பொறியியலார் டெட்லாக் என்கிறார்கள்.

டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒருவர் பிடித்திருப்பதை மற்றவர் வேண்டிநிற்கும் இத்தகைய பிணைப்பை, 1965-இல், மரணத் தழுவல் என்று பொருள்படும் பெயரால் குறித்தார். நமக்குத் திருதராஷ்டிர ஆலிங்கனம் நினைவுக்கு வரும். எனினும் அந்த அரசன் நெஞ்சில் வஞ்சம் இருந்தது, இந்தத் தழுவலில் வஞ்சம் யாரிடமும் இல்லை. 1971-இல் காஃப்மன் முதலிய மூவர், நான்கு நிபந்தனைகள் ஒருங்கே கூடினாலன்றி இது நேராது எனக் காட்டினர். ஒரு பொருளை ஒரு வேளையில் ஒருவரே ஆளுதல் முதலாவது, அது ஒழுங்கு. கைக்கொண்டதை விடாமல் அடுத்ததற்குக் காத்திருத்தல் இரண்டாவது. அது எடுத்த காரியத்தில் உறுதி. பிறர் கையிலுள்ளதைப் பறியாமை மூன்றாவது. அதை அஸ்தேயம் என்று யோக சாஸ்திரம் போற்றும். காத்திருப்போர் வரிசை வளைந்து வட்டமாகிவிடுதல் நான்காவது. முதல் மூன்றும் ஆளுக்குரிய நற்குணங்கள். நான்காவதோ யாருடைய குணமும் அன்று. தீமை குடிகொண்டிருப்பது உடையவனில்லாத அந்த வட்டத்தில்தான்.

நிரலை எழுதியவனே குற்றவாளி என்பார்க்கும் விடை உண்டு. பூட்டை எடுக்கும் பகுதியை ஒருவரும், நினைவகத்தை மீட்கும் பகுதியை வேறொருவரும், வெவ்வேறு காலங்களில் எழுதியிருக்கக்கூடும். தனித்தனியே படித்தால் இரண்டும் பிழையற்றவை. துஷ்டன் ஒருவன் நினைவகம் நிறையும் வேளையை வேண்டுமென்றே வரவழைத்து இயந்திரத்தை முடக்கலாம் என்பதனாலேயே இது பாதுகாப்புக் குறைபாடாகவும் எண்ணப்படுகிறது. ஆயினும் அவன் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை, முன்பே வளைந்துகிடந்ததை மூடிவிடுகிறான், அவ்வளவே. ஆகவே இங்கே மூலம் பாவமன்று, அவித்தை: தன் பிடியை அறிந்திருந்தும், அந்தப் பிடிக்காகக் காத்துநிற்பவர் யாரென அறியாமை.

இந்த அவித்தையைப் பொறுமை தீர்க்காது. கெர்னலுக்குள் இவ்வாறு காத்திருப்பவன் பெரும்பாலும் யாரும் எழுப்ப இயலாத உறக்கத்தில் ஆழ்ந்திருப்பான்; கொல்லும் ஆணையும் அவன் செவியில் ஏறாது. பாசத்தால் கட்டுண்ட பசு தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ளாது, பதியின் அருள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். சாமானிய நிரல்களுக்குக் கெர்னலே பதி. அந்தப் பதியே கட்டுண்டால்? நினைவகம் அறவே தீர்ந்தபோது கெர்னல் ஒரு நிரலைப் பலியாகத் தேர்ந்து முடிக்கப் பார்க்கும். பலியோ, மற்றொருவன் பூட்டுக்குக் காத்திருந்து, சாகவும் மாட்டாமல் கிடக்கும். 2016-இல் வெளிவந்த லினக்ஸ் 4.6 பதிப்பில் அந்தப் பலியின் நினைவகத்தை மீட்பதற்கென ஒரு தனி ஊழியன் நியமிக்கப்பட்டான். அவன் பூட்டைக் கேட்டுப்பார்ப்பான். கிடைக்காவிட்டால் அங்கேயே நில்லாமல் விலகி, சற்றுப் பொறுத்து மீண்டும் வருவான். இவ்வாறு 10 முறை முயன்று, பிறகு விட்டுவிடுவான். கட்டவிழ்க்க வந்தவனும் வரிசையில் நின்றுவிட்டால் வட்டம் பெருகுமேயன்றி அவிழாது.

ஆயினும் மீட்பவனை எதிர்பாராத வழி ஒன்றும் உண்டு. கோப்பு முறைமையின் ஊழியன் இடம் கேட்கும்போதே, தன் பொருட்டுக் கோப்பு முறைமையைத் தொடவேண்டா என்று அறிவித்துவிடலாம். அதனால் கேட்டது கிடைக்காமற் போனாலும் ஏற்றுக்கொள்ளவேண்டியதுதான். வட்டமே உண்டாகாதிருக்க, பூட்டுகளை இன்ன வரிசையில் எடுக்கவேண்டும் என்ற அட்டவணையும் நினைவக நிரல்களின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2006 முதல் லாக்டெப் என்னும் பரிசோதனைக் கருவி, வட்டம் மூடுமுன்பே, இரண்டு பூட்டுகள் ஓரிடத்தில் ஒரு வரிசையிலும் மற்றோரிடத்தில் தலைமாறியும் எடுக்கப்படுவதைக் கண்டவுடன் எச்சரிக்கிறது.

துறவு என்பதை ஆயுளின் அந்தியில் கைப்பொருளை விடுதலாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வட்டம் மூடிய பின் விடுவதற்குக் கை எழுவதில்லை. ஆதலின், இதைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கேட்கலாகாது என்ற விரதத்தை, பற்றும் வேளையிலேயே பூணவேண்டியிருக்கிறது.