வண்டி யாருடையது?

தன் பொருளைத் தன் விருப்பம்போல் திருத்திக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டா என்று வினவினால், "இதென்ன கேள்வி? பொருள் அவனுடையது, பணம் அவனுடையது. பிறர்க்கு இதில் என்ன வேலை?" என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். யானும் சென்ற ஆண்டுவரை அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். அவ்வெண்ணத்தை அசைத்தது ஒரு மோட்டார் வண்டியின் கிளட்ச். இத்துணைச் சிறிய விஷயத்தை வைத்து நீதி பேசப் புகுவது சிலருக்கு நகைப்பாயிருக்கலாம். ஆயினும், நம்மவர் வீடுகளில் நியாயமும் அநியாயமும் புராணச் சண்டைகளில் காணப்படுவதைவிட இத்தகைய சிறு விஷயங்களிலேயே மிகுதியும் காணப்படுகின்றன என்பது என் கருத்து.

யான் கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். செக்ரோல் எழுதுவதும், குலை ஏற்றிவரும் லாரிகளை எடை பார்ப்பதும் என் தொழில். எங்கள் வீட்டில் வண்டி ஒன்றே. அது பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. 1983-இல் தொடங்கப்பெற்ற புரோட்டோன் நிறுவனம் 1985-இல் தன் முதல் வண்டியாகிய சாகாவை வெளியிட்டதும், 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன்வசமாக்கியதும் பலரும் அறிந்தவை. அந்த லோட்டஸ் பொறியாளரின் கைபட்டு, மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இயந்திரத்தைத் தாங்கி, 1990களின் இறுதியில் வெளிவந்ததே இவ்வண்டி. ஏறத்தாழ 140 குதிரைசக்தி. அக்காலத்து மலேசிய இளைஞனுக்கு அது ஒரு கனவு. சிறுவனாயிருந்தபோது, கூட்டரசு நெடுஞ்சாலையில் அது எங்கள் பேருந்தைக் கடந்து பறப்பதைச் சன்னலோரமிருந்து கண்டு, என்றேனும் ஒன்றை வாங்கியே தீருவேன் என்று உறுதிகொண்டேன். முப்பது வயதைக் கடந்தபின் அவ்வுறுதி நிறைவேறிற்று.

இங்கே ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. தோட்டத்துப் பெரியவர்கள் என் வண்டிச் செலவைக் கண்டு தலையிலடித்துக்கொண்டனர். "இரும்பிலே கொண்டுபோய்க் கொட்டுகிறானே!" என்றனர். அவர்களுட் பலர், மகள் கலியாணத்திற்கு மண்டபமும் மேளமும் விருந்துமாக, ஐந்தாண்டுக் கடனை ஓரிரவில் தேடிக்கொண்டவர்கள். இரும்பாவது மறுநாளும் ஓடும். ஓர் இயந்திரத்தைத் திறந்து, அது எவ்வாறு இயங்குகின்றதென்று அறிந்து, அதனை வலுப்படுத்த விரும்புவது அறிவின் வேலை. செந்தூல் இரயில்வே பட்டறையில் நம் பாட்டன்மார் கை கறுக்கக் கற்றதும் அதுவே. ஆகவே, வேகத்தைப் பழிப்பதற்காக யான் இதை எழுதுகின்றேன் என்று வாசகர்கள் கருதாதிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. வாங்கிய வண்டியோடு என் மனம் அமையவில்லை. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கப்பலேற்றப்படும் பழைய வண்டிகளின் முன்பாகங்கள் 'ஹாஃப்கட்' என்னும் பெயரால் கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்கப்படுவதை இத்துறையில் பழகியோர் அறிவர். அப்படி வந்த மிட்சுபிஷி லான்சர் ஒன்றின் டர்போ இயந்திரத்தை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, என் வண்டியில் பொருத்தினேன். (அனுமதியின்றி இயந்திரத்தை மாற்றுவது குற்றம். பலர் அவ்வாறு செய்கின்றனர். அவர்கள் வழி எனக்கு உடன்பாடன்று.) கொள்ளளவில் அதுவும் 1.8 லிட்டரே, அதன் முறுக்குவிசையோ பழையதினும் ஒன்றரை மடங்கிற்கு மேல். இரண்டு வாரங்களில் பழைய கிளட்ச் வழுக்கத் தொடங்கிற்று. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இயந்திரம் அலறும், வண்டி முன்னேறாது, கருகிய நாற்றம் மட்டும் வரும்.

கிளட்ச் என்பது யாது? இயந்திரத்தோடு சுழலும் ஃபிளைவீலுக்கும், வில்லின் வலியால் நெருக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஓர் உராய்வுத் தட்டு இருக்கின்றது. நெருக்கம் உள்ளவரை மூன்றும் ஒன்றாய்ச் சுழன்று விசையைச் சக்கரங்களுக்கு அனுப்பும். காலால் பெடலை மிதித்தால் நெருக்கம் தளர்ந்து தட்டு விடுபடும். எவ்வளவு விசையை அது தாங்கும் என்பது, நெருக்கும் வலி, உராயும் பொருளின் குணம், தட்டின் ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. சிறிய கூட்டினுள் ஆரத்தைப் பெருக்க இடமில்லை. தட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்க என்னிடம் பணமில்லை. எஞ்சிய வழிகள் இரண்டு. வில்லை வலிதாக்கலாம், அப்போது மிதிக்கும் காலும் வலிதாதல் வேண்டும். மென்மையாகப் பிடிக்கும் சாதாரணத் தட்டை நீக்கிச் செராமிக் வில்லைகள் பதித்த தட்டைப் போடலாம். அது வெடுக்கெனப் பிடிக்கும், பாதியில் நில்லாது. ஓட்டுநர் பள்ளியிற் கற்ற 'ஹாஃப் கிளட்ச்' அதனிடம் செல்லாது. கூட்டிய வலிமை யாவும் யாரோ ஒருவருடைய காலிலிருந்துதான் வசூலிக்கப்படுகின்றது. இவையனைத்தும் ஆங்கிலக் கையேடுகளில் வாசித்து முன்னரே எனக்குத் தெரியும். தெரியாமற் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

பிரிக்பீல்ட்ஸில் சந்தொன்றினுள் பழைய பட்டறை ஒன்றுண்டு. அதனை நடத்துபவர் அறுபது வயதைக் கடந்தவர்; பேச்சுக் குறைந்தவர். யான் கேட்டதைக் கேட்டுக்கொண்டு, கையைத் துணியில் துடைத்தவாறு, "தம்பி, வீட்டில் வேறு யாராவது இந்த வண்டியை ஓட்டுவார்களா?" என்றார்.

"இல்லை ஐயா, நான் மட்டுந்தான்" என்றேன்.

அது பொய். என் மனைவி ஓட்டுவாள். தோட்டத்துச் செம்மண் சாலையில் யானே அவளுக்குக் கற்பித்தேன். தானியங்கி வண்டிக்கு மட்டுமான உரிமம் எளிதில் கிடைப்பதாயிருந்தும், "இரண்டையும் ஓட்டத் தெரிந்தால்தானே ஓட்டத் தெரிந்ததாகும்" என்று சொல்லி, இரண்டிற்கும் செல்லும் உரிமத்தையே அவள் பெற்றாள். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் என் தாயாரைக் கிள்ளானுக்கு இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்பவள் அவளே. அங்கே தாயார் நான்கு மணி நேரம் படுத்திருப்பார். அந்நேரத்தில் அவள் பக்கத்திலேயே கணக்குப் பதிவு வகுப்பொன்றுக்குப் போய்வருவாள். ஆண்டிறுதியில் தேர்வு எழுதுவதாக இருந்தாள். "ஆம், என் மனைவியும் ஓட்டுவாள்" என்று யான் சொல்லியிருந்தால், அம்முதியவர் மெல்லிய கிளட்சையே சொல்லியிருப்பார். அதை அறிந்தே பொய் சொன்னேன்.

செராமிக் தட்டும் வலிய பிரஷர் பிளேட்டும் ஏறின. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அன்றிரவு வெறுஞ்சாலையில் வண்டி பாய்ந்த பாய்ச்சலை இன்று நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே உண்டாகின்றது; அதை மறைப்பதற்கில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கிள்ளான் ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வாகன நெரிசல். பின்னால் ஒரு கொள்கலன் லாரி. என் மனைவி மூன்று முறை வண்டியைக் கிளப்பினாள். மூன்று முறையும் அது குலுங்கி நின்றது. நான்காம் முறை பின்னே உருண்டது. லாரிக்காரன் ஒலிப்பானை அமுக்கிக்கொண்டே இருந்தான். யாருக்கும் காயமில்லை. மாலையில் வீடு திரும்பியதும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "அத்தை பயந்துவிட்டார்கள். இனி நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்" என்றாள். அவ்வளவே. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாயிருந்திருக்கும்.

முதலில் யான் சொன்ன சமாதானம், "பழகிவிடும்" என்பது. இச்சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வலியவன் தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டு மெலியவரைப் பார்த்து எக்காலத்தும் கூறிவந்த சொல் இதுவே. தனிக் குவளையில் தேநீர் குடித்தவனுக்கும் இதையே சொன்னார்கள். இளம் வயதில் தாலியறுத்த பெண்ணுக்கும் இதையே சொன்னார்கள். சுமை பழகிவிடும் என்பது உண்மையே. அதனால் அதைச் சுமத்தியவனுக்கு நியாயம் வந்துவிடுமா?

இரண்டாவது சமாதானம் இதனினும் வலியது. எல்லாப் பொருளும் எல்லார் காலுக்கும் பொருந்தவேண்டுமென்றால் உலகில் எந்தத் திறமையும் மேலோங்காதே என்பது அது. இதில் உண்மை உண்டு. ஷா ஆலமில் பத்து தீகா பந்தயப் பாதை 1968-இல் திறக்கப்பட்டு, 1985-இல் உலக விளையாட்டு வண்டிப் போட்டியே அங்கு நடந்தது. 2003-இல் அது இடிக்கப்பட்டது. செப்பாங் பாதை 1999-இல் வந்தது. நம் நாட்டுத் திருவாளர் கரம்ஜித் சிங் அவர்கள் 2002-இல், புரோட்டோன் பெர்ட் வண்டியில், உற்பத்தி வண்டிகளுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவருடைய வண்டியின் கிளட்ச் அவர் காலுக்கென்றே அமைந்திருப்பதில் எவருக்கு என்ன நட்டம்? அவ்வண்டியை எதிர்பார்த்து ஒரு நோயாளி வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. என்னிடம் இரண்டு வண்டிகள் இருந்து, ஒன்றை இரும்புக் காலுக்கே உரியதாக்கியிருந்தால் யானும் இக்கட்டுரையை எழுத வேண்டியதில்லை. இருந்தது ஒன்று; அதில் ஓட்டியவர் இருவர்.

பதிவேட்டில் என் பெயரே இருக்கின்றது. வழக்குமன்றம் ஏறினாலும் யானே வெல்வேன். இலாகாவும் இயந்திரத்தின் எண்ணைக் கேட்டதேயன்றி, பெடலை மிதிப்பவர் யாரென்று கேட்கவில்லை. அதைக் கேட்டவர் பட்டறை முதியவர் ஒருவரே. பணம் கொடுத்தவன் என்ற வகையில் வண்டி என்னுடையதாயிருக்கலாம். பயன்கொண்டு, பயின்று, அதனால் தன் வாழ்வில் ஒரு வழியைத் திறந்துகொண்டவளுக்கு அதில் ஒன்றுமேயில்லையா? சட்டத்தில் எழுதப்படாத அவ்வுரிமையை அவளைக் கேளாமலே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது பிறர்க்குத் தெரியாதபடி, "நான் மட்டுந்தான்" என்ற பொய்யால் அவளை வீட்டிலேயே இல்லாதவளாக்கினேன். கிளட்ச் குற்றத்தைவிட இந்தக் குற்றம் பெரிது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் தோட்டத்து இளைஞர் கூட்டத்தில் பெண்ணுரிமை பற்றி முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். மூன்றாம் வரிசையில் அவளும் இருந்தாள்.

இரண்டு மாதங்கள் வாரம் மும்முறை ஆபிசில் விடுப்புக் கேட்டு நின்றேன். தாயாரை யான் அழைத்துச் சென்றேன். வகுப்புக்கு அவள் வரவில்லை. "உங்களோடு வந்துவிடுகிறேனே" என்று சொல்லக்கூடியவள்தான், சொல்லவில்லை, யானும் அழைக்கவில்லை. இதற்கு மட்டும் இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்வு அவளின்றி நடந்தது.

பின்னர் ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். முதியவர் வையவில்லை. "அந்த அம்மாவையே அழைத்து வாருங்கள், மிதித்துப் பார்த்து அவர்கள் சொல்லட்டும்" என்றார். அவள் வந்தாள். சாதாரண உராய்வுப் பொருளாலான தட்டும், முன்னதினும் மெலிந்த பிரஷர் பிளேட்டும் போட்டு, அது தாங்கும் அளவிற்கு டர்போவின் அழுத்தத்தையும் குறைத்தார். அவள் இருக்கையை முன்னே இழுத்து, பத்துப் பன்னிரண்டு முறை பெடலை மிதித்து விட்டுப் பார்த்து, "இது சரி" என்றாள். திரும்பும்போது அவளே ஓட்டினாள்.

வண்டி இப்போது முன்போற் பாய்வதில்லை. நண்பர்கள் கேலி செய்கின்றனர். எனக்கும் சில இரவுகளில் குறையாகவே இருக்கின்றது. இவ்வாண்டு அவள் மறுபடியும் வகுப்பில் சேர்ந்திருக்கின்றாள். கழற்றிய செராமிக் தட்டு, பழைய தினசரித் தாளில் சுற்றப்பட்டு, பின்னறை அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றது. நல்ல விலைக்குக் கேட்டவர்கள் உண்டு, இன்னும் விற்கவில்லை. அவளும் அதைப் பார்த்திருக்கின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.