“சும்மா பார்த்துவிட்டு வந்தேன்!”

சென்ற மாதம் உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸ் முடிந்து புறப்படும் வேளையில், நமக்கு நன்கு அறிமுகமான திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவர் முகத்தில் கோபமும் வருத்தமும் கலந்திருந்தன. அவருடைய மகன் சிங்கப்பூரில் படிக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறிக் கோலாலம்பூர் சென்று, அங்கே கடையில் வேலை பார்க்கும் தன் பால்ய சிநேகிதனுடன் இரண்டு நாள் தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை வகுப்புக்குத் திரும்பிவிட்டானாம்.

“ஹஜ்ரத்! எதுக்குடா போனேன்னு கேட்டா, ‘சும்மா அவனைப் பார்த்துட்டு வந்தேன் அத்தா’ங்கிறான். சும்மா பார்க்கிறதுக்கு ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போவாங்களா? செல்போன்லதான் தினம் முகத்தைப் பார்த்துப் பேசிக்கிறாங்களே! இது வீண் விரயம் இல்லையா? நீங்களே அவனுக்கு நாலு புத்தி சொல்லுங்க” என்றார்.

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்தச் “சும்மா” என்ற சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் கேள்வியைப் பார்ப்போம். ஒரு காரியமும் இல்லாமல், ஓர் ஆதாயமும் கருதாமல், ஒரு மனிதனைக் காண்பதற்காக மட்டுமே பணத்தையும் நேரத்தையும் செலவிடுவது நன்மையா, விரயமா?

இதே கேள்வி முன்பொரு முறை ஒரு மனிதரிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் மனிதரல்லர், மலக்கு. ஒருவர் வேறோர் ஊரிலிருந்த தம் சகோதரரைக் காணப் புறப்பட்டார். அல்லாஹ் அவருடைய வழியில் ஒரு மலக்கை நிறுத்தினான். எங்கே செல்கிறீர் என்று மலக்கு கேட்க, அந்த ஊரிலுள்ள சகோதரரைக் காணச் செல்வதாக அவர் சொன்னார். அவரிடம் உமக்கு ஏதேனும் கொடுக்கல் வாங்கல் உண்டா, பேணிக்கொள்ள வேண்டிய நன்மை ஏதும் உண்டா என்று மலக்கு மீண்டும் கேட்டார். ஒன்றுமில்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவுதான் என்றார் அவர். நீர் அவரை நேசித்தது போலவே அல்லாஹ்வும் உம்மை நேசிக்கிறான் என்ற செய்தியைச் சொல்லவே தாம் அனுப்பப்பட்டதாக மலக்கு அறிவித்தார். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து இது.

மலக்கு கேட்டதும் நம் தோட்டக்காரர் கேட்டதும் ஒரே கேள்வி என்பதைக் கவனியுங்கள். எதற்காகப் போகிறாய்? என்ன வரும்? அந்த மனிதரின் பதிலைக் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழில் சொன்னால், “சும்மா பார்க்கப் போகிறேன்” என்பதுதான். எந்த ஆதாயமும் இல்லை என்ற அந்தப் பதில்தான் அவருக்கு அல்லாஹ்வின் நேசத்தைப் பெற்றுத் தந்தது.

ஆனால் எல்லாச் “சும்மா”வும் ஒன்றல்ல. ஊர் சுற்றவும் வேடிக்கை பார்க்கவும் சிநேகிதன் பெயரைச் சாக்காகச் சொல்வோர் உண்டு. ஆகவே, “இரண்டு நாளும் என்ன செய்தார்களாம்?” என்று அவரிடம் விசாரித்தோம். “அவன் அறையிலேயே சமைச்சுச் சாப்பிட்டாங்களாம்; மஸ்ஜித் இந்தியாவில போய்த் தொழுதாங்களாம்; விடிய விடிய ஊர்க்கதை பேசினாங்களாம்” என்றார். 1863இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, கடல் கடந்து போன நம்மவர்களை இன்றும் ஒன்றுகூட்டும் இடம். அந்நிய மண்ணில் தனித்து உழைக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் தெருவின் பேச்சைத் தன் காதால் கேட்கவும், பக்கத்தில் தோளோடு தோள் நின்று தொழவும் ஒருவன் வந்தான் என்றால், அதை விரயம் என்று எப்படிச் சொல்வது?

செல்போன் இருக்கிறதே என்கிறார்கள். அதுவும் அல்லாஹ் தந்த நிஃமத்துதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு முஸ்லிம்கள் சந்தித்து முஸாபஹா செய்தால், அவர்கள் பிரியுமுன் அவர்களுடைய பாவங்கள் மன்னிக்கப்படுவதாக அண்ணலார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். செல்போனில் குரல் போகும், முகம் போகும், கை போகுமா?

இந்தப் பயணத்துக்குச் சில ஒழுங்குகள் உண்டு. படிப்புக்கென்று தகப்பனார் அனுப்பும் பணம் அமானிதம். அதில் கை வைப்பதானால் அவருடைய சம்மதம் வேண்டும். இல்லையெனில் தன் சேமிப்பிலிருந்து செலவு செய்ய வேண்டும். ஜும்ஆவைத் தொழுதுவிட்டுப் புறப்படுவது அழகு. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஹனஃபி மத்ஹபின்படி 48 மைல், அதாவது ஏறக்குறைய 77 கிலோமீட்டர் செல்ல நாடிப் புறப்பட்டு, போன இடத்தில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்க எண்ணுபவர் முஸாபிர். அவர் நான்கு ரக்அத் பர்ளை இரண்டாகத் தொழ வேண்டும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கையும் தொழ வேண்டும். மார்க்கம் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கித் தந்திருக்கிறதே தவிர, பயணத்தைச் சொல்லித் தொழுகையை விட்டுவிட அனுமதிக்கவில்லை.

முன்னோர்கள் ஸலாமையே ஒரு பெரும் சுமையாக மதித்துச் சுமந்தார்கள். ஹஜ்ஜை நாடி 1325இல் தம் 21ஆம் வயதில் மொராக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, அடுத்த ஆண்டு இஸ்கந்தரிய்யாவில் ஷைகு புர்ஹானுத்தீன் என்ற பெரியாரைச் சந்தித்தார். இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் இருந்த தம் மூன்று சகோதரர்களைக் கண்டு ஸலாம் சொல்லும்படி அந்தப் பெரியார் கேட்டுக்கொண்டார். பின்னாளில் மூவரையும் சந்தித்து ஸலாமைச் சேர்த்துவிட்டதாக இப்னு பதூதா தம் பயண நூலில் பதிந்திருக்கிறார். இவர் நம் மதுரைக்கும் வந்தவர். அன்றைய மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை. ஒட்டகமும் பாய்மரக் கப்பலும் இருந்த காலத்தில் சீனம் வரை ஒரு ஸலாம் போய்ச் சேர்ந்தது!

நாமோ காரணம் இல்லாமல் எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. பத்திரிகை வைக்கப் போகிறோம். கடன் கேட்கப் போகிறோம். ஓட்டுக் கேட்கப் போகிறோம். யாராவது சும்மா வந்து உட்கார்ந்தால், “என்ன விஷயமாக வந்தீங்க?” என்று கேட்டுவிடுகிறோம். அவரும் கூச்சப்பட்டு ஏதோ ஒரு விஷயத்தை உண்டாக்கிச் சொல்கிறார்.

இதைப் பிறருக்குச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. மதரஸாவில் ஏழு ஆண்டுகள் நம்முடன் ஒரே பாயில் படுத்து, ஒரே கிதாபைப் பகிர்ந்து ஓதிய தோழர் ஒருவர் இருந்தார். குமுளிக்கு அப்பால் தேயிலைத் தோட்டப் பகுதியில் ஒரு பள்ளியில் இமாமாக இருந்தார். கம்பத்தில் பஸ் ஏறினால் மலை ஏறி இறங்கி அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். “அந்தப் பக்கம் ஏதாவது பயான் அமைந்தால் அப்படியே பார்த்துக்கொள்ளலாம்” என்று நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். பயான் அமையவில்லை. ஒரு நாள் சுபுஹுக்குப் பின் மவுத்துச் செய்தி வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கண்டக்டர், “என்ன ஹஜ்ரத், காலங்காத்தாலே எங்கே?” என்றார். அன்று அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு காரணம் இருந்தது.

ஜனாஸா வைத்திருந்த வீட்டு வாசலில் ஒரு சிறுவன் நின்றான். தோழரின் மகன். நம்மைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டான். உன் அத்தாவின் சிநேகிதன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இதைத்தான் தோட்டக்காரரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப அவனை ஏசக் கூடாதா ஹஜ்ரத்?” என்றார்.

“உங்களிடம் கேளாமல் பணத்தை எடுத்திருந்தால், அதற்காக ஏசுங்கள். போனதற்காக ஏசாதீர்கள். உங்கள் மகன் மலக்கின் கேள்விக்குச் சரியான பதிலை வைத்திருக்கிறான், நாம்தான் வைத்திருக்கவில்லை” என்றோம்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் அப்படி ஒருவர் எங்கேனும் இருப்பார். கடல் தாண்டி இருக்கலாம், அடுத்த தெருவில் இருக்கலாம். அவரைக் காண ஒரு காரணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரு காரணம் ஒரு நாள் வந்தே தீரும். அது வருமுன் ஒரு முறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வல்ல அல்லாஹ், தனக்காக நேசித்து, தனக்காகச் சந்தித்து, தனக்காகப் பிரிகின்ற நல்லடியார்களின் கூட்டத்தில் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! நம் தோழரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.