தோற்றுக் கொடுக்கும் குரு



ஜப்பானின் சிபா மாகாணத்தில் கத்தோரி என்னும் பழம்பெரும் ஆலயம் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஈசாசா இயெனாவோ என்னும் போர்வீரர், அறுபது வயதளவில் அங்கே ஆயிரம் நாட்கள் நோன்பிருந்து வாள்வித்தையைத் தெய்வ அருளாற் பெற்றார் என்பது மரபு. அவர் தொடக்கிய கத்தோரி ஷிந்தோ ரியூ இன்றும் பயிலப்படுகிறது. 1960இல் சிபா மாகாணம் அதனைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

இம்மரபிற் சேர்பவர் தம் விரற் குருதியால் ஒப்பமிட்டு உறுதி கூறுவது வழக்கம். வீண் சண்டைக்குச் செல்லேன், சூதாடேன் என்பன அவ்வுறுதியில் அடங்கும். வித்தைக்கு முன்னே ஒழுக்கம்!

இன்னொன்றையும் சிந்திப்போம். ஜப்பானின் பழைய வாள் மரபுகள் பலவற்றில் இருவர் மரவாள் ஏந்தி, வகுத்த முறைப்படி பயில்வர். மூத்தவர் தாக்குவார், முடிவில் தோற்பவரும் அவரே. சீடனின் தகுதியறிந்து வேகத்தைக் கூட்டுவார். அவன் வெல்லக் கற்கும்வரை தாம் தோற்றுக்கொண்டே இருப்பார். பல தலைமுறைகளாக வித்தை கைமாறி வந்தது இவ்வாறுதான்.

பெற்றோர்களே, நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை தேவாரத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் சபையிலே திருத்துகிறோம். "ஏன் திருநீறு பூசவேண்டும்?" என்று கேட்டால் அதட்டி வென்றுவிடுகிறோம். வென்றது நாம், வாய் மூடியது பிள்ளை. அடுத்த ஆண்டு அப்பிள்ளை கோயிலுக்கு வருமா?

பிள்ளை கேட்கட்டும், தடுமாறட்டும், ஒருநாள் நம்மை மிஞ்சட்டும். அன்று தாழ்ந்து நிற்கும் மனத்தை எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.

சுபம்.