பொய்க்காரி என்னும் பெயர்

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பலரைக் கொன்றது. சாவுகளைப் பேசினோம், குடிக்கக் காசு கேட்கும் கணவனிடம் "உப்பளக் கூலி இன்னும் வரலை" என்று தினமும் சொல்லி, அரிசிப் பானைக்குள் பணத்தை ஒளிக்கும் பெண்ணைப் பேசவில்லை. அவள் பொய் நோயா?

ஆதாயமின்றிப் பொய்யை அடுக்கும் இயல்பை 1891இல் மனநல மருத்துவர் அன்டன் டெல்ப்ரூக் விவரித்தார். அமெரிக்க மனநலக் கையேட்டில் இன்றும் அது தனி நோயல்ல. ஓயாத பொய், சமூகவிரோத ஆளுமைக் கோளாற்றின் அடையாளங்களுள் ஒன்று. பெண்கள்மேல் அதிகம் சுமத்தப்படும் எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றின் ஒன்பது அடையாளங்களில் பொய் இல்லை. ஆனாலும் 'பொய்க்காரி' பட்டம் அவளுக்குத்தான்.

உண்மை சொன்னால் அவளுக்கு என்ன நேரும் என்று முதலில் கேட்போம். அச்சமே இல்லாத இடத்திலும் பொய் நிற்கவில்லையென்றால் அவளுக்குச் சிகிச்சை தேவை. அடிக்குப் பயந்த பொய்யென்றால், திருந்த வேண்டியது அந்த வீடு.