மூட்டையைக் குத்துகிறவன் யாரைக் குத்துகிறான்?

சண்டைக் கலை பயில்வோர், எதிராளி இல்லாத வேளையில், உத்தரத்தில் தொங்கவிட்ட கனத்த மூட்டையைத் தனியே குத்திப் பழகுவது உலகெங்குமுள்ள வழக்கம். குத்துச்சண்டை தமிழருக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டில் வட சென்னையிலே சார்பட்டாப் பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பெயர் பெற்ற கூட்டத்தார் இருந்தனர். தோட்டங்கள் பல தாமான்களாக மாறிவிட்ட இந்நாளில், எங்கள் உலு திராம் வட்டாரத்திலும் மாலை வேளையில் மூட்டை குத்தும் வாலிபர் உண்டு. இப்பழக்கம் மனிதனைச் செம்மைப்படுத்துமா, முரடனாக்குமா என்பதே கேள்வி.

“பகலெல்லாம் மேலதிகாரியின் ஏச்சைக் கேட்கிறோம், எதிர்த்துப் பேசினால் பிழைப்புப் போகும். அவன் முகத்தை மூட்டையில் எண்ணி நாலு குத்து விட்டால் நெஞ்சு ஆறுகிறது. இதனால் யாருக்கு நஷ்டம்?” என்பார் சிலர். தோட்டத்துக் கிராணியாகிய எனக்கும் அந்த ஏச்சு தெரியும். ஆனால், நெஞ்சு ஆறுகிறது என்பது மெய்தானா?

2002-ஆம் ஆண்டு அமெரிக்க உளநூல் அறிஞர் பிராட் புஷ்மன் இதைப்பற்றிய சோதனை ஒன்றை வெளியிட்டார். சுமார் 600 கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளைக் கடுமையாக இகழ்ந்து சினமூட்டினர். பின்னர் ஒரு சாரார் இகழ்ந்தவனை நினைத்து மூட்டையைக் குத்தினர்; மற்றொரு சாரார் தேகநலத்தை நினைத்துக் குத்தினர்; மூன்றாம் சாரார் சும்மா உட்கார்ந்திருந்தனர். இகழ்ந்தவனை நினைத்துக் குத்தியோருக்கே கோபம் மிகுந்தது. தாக்கும் முனைப்பும் அவர்களிடமே ஓங்கிற்று. சும்மா இருந்தோரிடம் அம்முனைப்பு மிகக் குறைவாயிருந்தது.

கலையின் இலக்கணமும் இதற்கு மாறன்று. சினத்தோடு குத்துபவன் தோளை வீசித் தள்ளுகிறான். மூட்டை ஊஞ்சல்போல் ஆடுகிறது. அதைத் தன் பலமென்று எண்ணி மகிழ்கிறான். நன்கு பயின்றவன் குத்தினாலோ, மூட்டை அதிகம் ஆடாது. பட்ட இடத்தில் குழிந்து அதிரும். அக்குத்து பாதத்தில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியே முஷ்டிக்கு வருகிறது. மணிக்கட்டு வளைவதில்லை, கை போன வேகத்திலேயே தாடையைக் காக்கத் திரும்புகிறது. மூட்டை முகஸ்துதி செய்யாது, ஏசவும் ஏசாது. செய்த பிழையைச் செய்தவாறே காட்டும். அதிலே பகைவன் முகத்தை ஒட்டிவிட்டவனுக்கு அப்பிழை எவ்வாறு புலப்படும்?

அப்படியாயின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டே இருப்பதா? அன்று. அநீதிக்கு மருந்து மூட்டையில் இல்லை என்பதே என் வாதம். சம்பளக் குறையோ, மானக் குறையோ, அதைச் சங்கத்தில் சொல்ல வேண்டும். எழுத்தில் வைக்க வேண்டும். நால்வர் கூடிக் கேட்க வேண்டும். இரவில் மூட்டையிடம் பழி தீர்த்துக்கொண்டவன், காலையில் அதே ஏச்சுக்குத் தலை குனிகிறான். வளர்த்த கோபம் வீட்டிலே மனைவி மக்கள்மீது பாயவும் கூடும்.

ஆகையால் வாலிபர்களே, மூட்டை குத்துங்கள், நாள்தோறும் குத்துங்கள். ஆனால் கை, கால், மூச்சு இவற்றையே கருதிக் குத்துங்கள். கேட்க வேண்டிய நியாயத்தை, கேட்க வேண்டியவரிடம், பகல் வெளிச்சத்தில் கேளுங்கள்.